பெட்டியைத் திறக்காமல் தேனீ வளர்ப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தால் வீட்டுக்கு வேண்டிய தேன் கிடைத்துவிடும் என்று நம்பி, கடலூரிலும் புதுச்சேரியிலும் பலர் ஆசையாகத் தேனீப் பெட்டி வாங்குகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் தை மாதம் வாங்கிய பெட்டி ஐப்பசிக்குள் காலியாகிவிடுகிறது. "நம்ம ஊருக்குத் தேனீ ஒத்துவராது" என்று சொல்லி வாங்கியவர் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார். ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாராவாரம் திறந்து பார்ப்பது, கண்ணில் பட்ட தேனையெல்லாம் எடுப்பது, எடுத்ததற்கு ஈடாகச் சர்க்கரைப் பாகு ஊற்றுவது என்ற மூன்றும் சேர்ந்தால் எந்தக் கூட்டமும் நிற்காது. ஒன்றிரண்டு பெட்டியைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்குத் தேன் பண்ணையின் வேலைமுறை தேவையே இல்லை. கையை முடிந்தவரை உள்ளே விடாமல் வளர்க்கும் முறை இந்தக் கடற்கரைக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கடிதத்தின் நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் தேனீ என்பதில் முதலில் தெளிவு வேண்டும். பெட்டிக்கு ஏற்றது அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ. மரப்பொந்து, சுவர் இடுக்கு, யாரும் திறக்காத பழைய அலமாரி என்று இருட்டான இடத்தில் வரிசையாகப் பல அடை கட்டுவது இதுதான். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியிலும் ஆலமரத்திலும் ஒற்றைப் பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதை எந்தப் பெட்டியிலும் குடியேற்ற முடியாது. "வந்து பிடித்துப் போங்கள்" என்று தேனீ வளர்ப்பவரைக் கூப்பிட்டும் பயனில்லை. பூ முடிந்தால் அதுவே இடம் மாறிப் போய்விடும், தீப்பந்தம் வேண்டியதில்லை. செடிக் குச்சியில் உள்ளங்கை அளவு அடை வைக்கும் கொம்புத் தேனீயும் பெட்டிக்கு வராது. கொட்டாத கொசுத்தேனீ மூங்கில் குழாயிலும் சிறு பானையிலும் இருந்துகொள்ளும், தேன் கொஞ்சம்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. 1962ல் இமாச்சலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் காலூன்றிய இத்தாலியத் தேனீ, பூவைத் தேடி லாரியில் ஊர் ஊராகக் கொண்டுபோகும் தொழிலுக்கு உரியது. வீட்டுத் தோட்டத்தில் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க நினைப்பவர் அதன் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

இந்தியத் தேனீக்கு மருந்து வேண்டியதில்லை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தாலியத் தேனீயை உலகம் முழுக்க வாட்டும் வரோவா உண்ணி ஆதியிலிருந்தே நம் தேனீயின் மேல் வாழ்ந்துவந்ததுதான். நம் தேனீ உண்ணியைத் தன் உடலிலிருந்து கடித்து எடுத்துவிடும். உண்ணி இதன் கூட்டில் ஆண் தேனீயின் அறைகளில்தான் பெருக முடியும்; பணித்தேனீ அறைகளில் அதன் கணக்கு நடக்காது. ஆகவே உண்ணிக்கென்று மருந்துப் பட்டையோ அமிலமோ வாங்கி உள்ளே வைக்க வேண்டாம். இதையொட்டி ஒரு சின்ன விஷயம்: ஆண் அறையின் மூடி மேடாக இருக்கும், நடுவில் ஊசி குத்தியது போல் ஒரு துளை இருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதை நோய் என்று பயந்து அந்த அடையையே வெட்டி எறிவதுண்டு. இந்தியத் தேனீயின் ஆண் அறைக்கு அந்தத் துளை இயல்பானது.

இனி இடம். இந்தியத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள் மேயும். வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 7 சதுர கிலோமீட்டர் வரும். தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையோரமாகப் பெட்டி வைத்தால் அந்த வட்டத்தில் பாதி கடல். மீதியில் சவுக்குத் தோப்பு வந்தால் அதையும் கழித்துவிட வேண்டும். சவுக்கு காற்றை நம்பி மகரந்தம் விடும் மரம், அதன் பூவில் தேன் கிடையாது. தென்னை வருடம் முழுக்க மகரந்தம் கொடுப்பதால்தான் கரையோரப் பெட்டிகள் உயிரோடு இருக்கின்றன. கரையை ஒட்டியவர்கள் ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு வைத்துக்கொள்ளலாம். கேப்பர் மலைச் செம்மண் பக்கமும், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் முந்திரிக் காடுகளை ஒட்டியும் ஒரே இடத்தில் நான்கைந்து தாங்கும். தை முதல் பங்குனி வரை முந்திரி. அதன் வால் பிடித்து வேம்பும் புங்கும். நடுவில் முருங்கை, புளி, எள், வரப்போரச் சீமைக் கருவேலம். ஆடிக்குப் பிறகு வரவு குறைந்துகொண்டே போய், ஐப்பசி கார்த்திகை மழையில் அறவே நின்றுவிடும். மற்ற எல்லாக் கணக்கையும் இந்த ஓட்டத்தை வைத்துத்தான் போட வேண்டும். வேறு மாவட்டத்து ஆண்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் மழைக்கு முன் தேனை எடுத்துவிட்டு மழையில் கூட்டத்தை இழப்போம்.

பெட்டி வகையில் எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நூறாண்டுகளுக்கு முன் இந்தியத் தேனீக்கென்றே அளவெடுத்துச் செய்த நியூட்டன் பெட்டி இன்றும் நல்ல பெட்டிதான்: அடை கட்டிக்கொள்ள 7 மரச்சட்டம், ஒவ்வொன்றும் உள்ளளவில் ஏறக்குறைய 206க்கு 144 மி.மீ. சட்டத்தில் அறை வடிவம் அச்சிட்ட மெழுகுத் தாள் ஒட்டாமல், மேல்கட்டையின் அடியில் மட்டும் உருக்கிய தேன்மெழுகால் 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். அந்தக் கோட்டைப் பிடித்துத் தேனீயே அடை கட்டிக்கொள்ளும். கடையில் வரும் மெழுகுத் தாளில் பாரஃபின் கலந்திருந்தால் சித்திரை வெயிலில் அது தொய்ந்து கிழியும். அறையின் அளவும் பொருந்தாமல் போகலாம்: வடக்கே மலைப்பகுதியில் வாழும் இந்தியத் தேனீயின் அறை 5 மி.மீ. வரை போகும், தென்னகச் சமவெளியில் வாழ்வதற்கு 4.2 முதல் 4.3 மி.மீ. தானாகக் கட்டவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

சட்டமே இல்லாத பெட்டி வேண்டும் என்பவர்கள் வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து அதே அளவில் செய்துவிடுகிறார்கள். பிரான்ஸ் நாட்டுப் பாதிரியார் எமில் வாரே வடிவமைத்த பெட்டிக்குப் புதுச்சேரியில் ரசிகர்கள் உண்டு. புதுப் பெட்டியை அடியில் சேர்ப்பது, தேனை உச்சிப் பெட்டியிலிருந்து எடுப்பது, நடுவே திறக்காமலிருப்பது என்ற அவருடைய முறை நமக்கும் உகந்ததுதான். ஆனால் அவர் பெட்டியின் உள்ளளவு 300க்கு 300, உயரம் 210 மி.மீ. அதாவது ஒரு பெட்டி ஏறக்குறைய 19 லிட்டர், இரண்டு வைத்தால் 38. இந்தியத் தேனீ இயற்கையில் பிடிக்கும் பொந்து 10 முதல் 15 லிட்டர்தான். பெரிய பெட்டியின் காலியான மூலைகளைத் தேனீயால் காவல் காக்க முடியாது, மெழுகு அந்துப்பூச்சி அங்கே குடியேறும். உள்ளளவு 200க்கு 200, உயரம் 150 என்று சுருக்கி, 22 மி.மீ. அகலக் கட்டை 6 வைத்தால் ஒரு பெட்டி 6 லிட்டர். இரண்டை அடுக்கினால் 12. அது சரியான அளவு.

படுக்கையாக நீளும் மேல்கட்டைப் பெட்டிதான் தொடங்குபவர்களுக்கு எளிது. 1970களில் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் கென்யாவுக்காக உருவாக்கியதில் கட்டையின் அகலம் 32 மி.மீ. நம் தேனீக்கு 30 போதும். கட்டைகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி உரசி நிற்க வேண்டும். உள்ளே மேல் அகலம் 250, அடி அகலம் 150, ஆழம் 180, நீளம் 540 மி.மீ. என்றால் 18 கட்டை பிடிக்கும், கீழே சொல்லும் ரீப்பர் துண்டுகளை வைத்தால் 17. சரிவான பக்கச் சுவரில் தேனீ அடையை அவ்வளவாக ஒட்டாது. ஆரம்பத்தில் 8 கட்டையோடு தடுப்புப் பலகை வைத்து மறித்துவிட்டு, கடைசி அடை முக்கால்வாசி கட்டியதும் இரண்டு கட்டை இடம் விடவும். தேன் அடை புழு அடையை விடத் தடிமனாக வரும். அதனால் எட்டாவது கட்டைக்குப் பின்னால் ஒவ்வொன்றுக்கும் இடையில் 3 மி.மீ. ரீப்பர் துண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடை பக்கத்துக் கட்டைக்குத் தாவிக் குறுக்கே வளரும், பிறகு ஒன்றை எடுத்தால் இரண்டு கிழியும். பெட்டியை வைக்கும்போது கொத்தனாரின் ரசமட்டத்தை இரு திசையிலும் வைத்துப் பார்த்துவிடுங்கள். பெட்டி சாய்ந்திருந்தாலும் அடை நேராகத்தான் தொங்கும், கட்டையை விட்டு விலகிவிடும்.

பலகைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலா நல்லது, மாம்பலகை மலிவு. தடிமன் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் வெயிலில் உள்ளே அடை இளகும். பிளைவுட் ஐப்பசி மழையில் உப்பிப் பிரிந்துவிடும். உட்புறம் எதையும் பூசக் கூடாது. வெளிப்புறம் மட்டும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம், கரையான் அண்டாது. தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால் கையுறை கட்டாயம். வாடை முழுதாகப் போன பிறகே தேனீயைக் குடிவைக்க வேண்டும். வாசல் 8 மி.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். அந்த அளவில் ராணியும் ஆண் தேனீயும் போகும், பெரிய குளவி நுழையாது.

கூட்டத்தைப் பார்சலில் வரவழைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. 1991, 92ல் தென்னிந்தியா முழுக்கப் பரவிய புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நம் அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியைத் துடைத்துப் போட்டது. அதில் பிழைத்து, இந்த மண்ணின் பூவுக்கும் மழைக்கும் பழகிய கூட்டங்கள் நம் சுவர்களிலும் பொந்துகளிலும் இருக்கின்றன. அவை பெருகி, ஒரு பகுதி ராணியோடு பிரிந்து பறக்கும்போது பிடிப்பதே உத்தமம். முந்திரி பூக்கும் தை, மாசியில் ஈர்ப்புப் பெட்டி வைக்கலாம்; பழைய மண்பானையும் போதும். உள்ளே தேன்மெழுகைத் தேய்த்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் 2 சொட்டு பஞ்சில் விட்டு, நிழலில் 8 அடி உயரத்தில் வாசல் மறையாமல் கட்டவும். எண்ணெய் அதிகமானால் தேனீ வராது. வேவு பார்க்கும் தேனீக்கள் நாளுக்கு நாள் கூடினால் கூட்டம் வரப்போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பானையை எடுத்துப் பார்க்காதீர்கள்.

கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்தைப் பிடிப்பதென்றால் மாலை 5 மணிக்கு மேல் பிடித்து, இருட்டியபின் நிரந்தர இடத்தில் வைக்கவும். நோயற்ற வேறொரு பெட்டியிலிருந்து, இளம்புழு உள்ள ஓர் அடையைக் கொடுத்தால் ஓடிப்போவது வெகுவாகக் குறையும். வாசலில் ராணித் தடுப்பு மாட்டுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். முதலில் பிரியும் கூட்டத்தில் பழைய ராணி இருக்கும், 3 நாள் தடுப்பு போட்டால் கேடில்லை. அடுத்தடுத்துப் பிரியும் சிறு கூட்டங்களில் இருப்பது இன்னும் சேராத கன்னி ராணி. அது வெளியே பறந்தால்தான் ஆணோடு சேர முடியும். தடுப்பு போட்டால் அந்தக் கூட்டம் நிச்சயம் அழியும். எந்த ராணி என்று தெரியாவிட்டால் தடுப்பை மாட்டவே வேண்டாம்.

பெட்டி வைக்கும் இடத்தில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். மொட்டை மாடித் தளம் சித்திரையில் கொதிக்கும். வேறு வழியில்லை என்றால் 3 அடி உயரத் தாங்கியும் மேலே தென்னங்கீற்றுப் பந்தலும் தேவை. வாசலை அண்டை வீட்டார் நடக்கும் பக்கமும் தெருவிளக்குப் பக்கமும் திருப்பாதீர்கள். தாங்கியின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது கட்டெறும்புக்கும் முசுறுக்கும் எதிரான ஒரே நம்பகமான காவல். ஒரு புல் சாய்ந்து பெட்டியைத் தொட்டாலும் முசுறு அதன்மேல் ஏறி ஓர் இரவில் கூட்டை முடித்துவிடும். ஆனால் அந்தக் கிண்ணத்தில் டெங்குக் கொசு முட்டையிடும். சுகாதார ஊழியர் வந்து தண்ணீரைக் கொட்டச் சொன்னால் அவர் சொல்வதுதான் நியாயம். தண்ணீருக்குப் பதில் கழிவு என்ஜின் ஆயில் ஊற்றி, மேலே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தாற்போல் காலில் மாட்டிவிட்டால் மழைநீரும் விழாது, தேனீயும் விழுந்து சாகாது. தேனீக்குக் குடிநீர் தனியாக, கூழாங்கல் போட்ட தட்டில் தினமும் மாற்றி வைக்கவும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். புழு அறையைத் தேனீ 33 முதல் 36 டிகிரிக்குள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த ஏற்பாடு கலைகிறது; வெயில் காலத்தில் தண்ணீர் சுமந்து, விசிறி, மறுபடி குளிர்விக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தேனீ இடுக்கை ஒட்டும் மரப்பசை சேகரிக்காது என்பதால் பெட்டியின் மூடி ஒட்டாமல் கையோடு வந்துவிடும். அந்த வசதியே திறக்கும் ஆசையைத் தூண்டுகிறது. நன்றாக இருக்கும் கூட்டத்தை வருடத்துக்கு மூன்று முறை திறந்தால் தாராளம்: முந்திரி தொடங்கும்போது, தேன் எடுக்கும்போது, மழைக்கு முன் புரட்டாசியில். திறக்கும்போது காலை 8 முதல் 10 மணிக்குள். தேங்காய் நார்ப் புகை இரண்டு மூச்சு போதும். அதிகமானால் இந்தியத் தேனீ அடையை விட்டு ஓடி மூலையில் கொத்தாகத் தொங்கும், ராணி நசுங்குவது அப்போதுதான். சட்டமில்லாத அடையைச் செங்குத்தாகவே தூக்கவும். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் வெயிலில் இளகிய புது மெழுகு பட்டென்று முறியும்.

மற்ற நாட்களில் வாசலே போதிய சேதி சொல்லும். மாலையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் நுழைந்தால் உள்ளே புழு இருக்கிறது, ராணி முட்டை வைக்கிறது. மகரந்த வரவு நின்று, போக்குவரத்தும் மந்தமானால் கூட்டம் கிளம்பத் தயாராகிறது என்று கொள்ளலாம். பட்டினி, வெப்பம், எறும்பு, அந்துப்பூச்சி என்று காரணத்தைத் தேட வேண்டும். பிற்பகலில் இளந்தேனீக்கள் வாசலைப் பார்த்தபடி மேலும் கீழும் மிதப்பது இடம் பழகும் பயிற்சி. கூட்டம் பிரிகிறது என்று பதற வேண்டாம். பலகையைச் சுண்டினால் "உஸ்" என்று ஒரே சீற்றமாய் எழுந்து அடங்கினால் ராணி இருக்கிறது; முனகல் நீண்டுகொண்டே போனால் சந்தேகப்படலாம். நாக்கை நீட்டியபடி வாசலில் குவியலாகச் செத்துக் கிடந்தால் பூச்சிமருந்து. தேன் இருப்பை அறியத் தொங்கு தராசு போதும்: பின்பக்கத்தைக் கொக்கியில் மாட்டி லேசாகத் தூக்கி, எடையைப் பென்சிலால் பெட்டியிலேயே தேதியோடு எழுதிவாருங்கள்.

தொடாமல் வளர்ப்பவர்களும் தவறாமல் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அடிப்பலகையைச் சுத்தம் செய்வது. இந்தியத் தேனீ பழைய அடையைத் தானே கடித்து உதிர்க்கும். அந்த மெழுகுத் தூளில் அந்துப்பூச்சி முட்டையிடும், நம் வெப்பத்தில் 3 முதல் 5 நாளில் முட்டை பொரியும். தூளை வாரம் ஒருமுறை வழித்தெடுத்தால் புழு அடைக்கு ஏறாது. இதற்காகப் பெட்டியைத் திறக்கக் கூடாது. அடிப்பலகை பின்பக்கமாக இழுத்தெடுக்கும்படி செய்யச் சொல்லி ஆசாரியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அந்துருண்டை போடுவது பெருந்தவறு. அதன் நஞ்சு மெழுகிலும் தேனிலும் இறங்கும். காலிப் பெட்டியில் பழைய அடையைச் சேமித்து வைக்காமல் உடனே உருக்கிவிடவும்.

சாக்புரூட் இன்னும் போய்விடவில்லை. மூடிய அறையில் துளை விழுந்து, உள்ளே புழு நிமிர்ந்தபடி செத்துக் கிடக்கும். குச்சியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக வரும். இது வைரஸ், ஆகவே ஆன்டிபயாடிக் எதுவும் வேலை செய்யாது. கூட்டத்தில் தேனீ குறைவாக இருந்தால் அடை எண்ணிக்கையைக் குறைத்து நெருக்கிவிடவும். அந்தப் பெட்டியின் அடையையோ தேனையோ வேறெதற்கும் கொடுக்கக் கூடாது. கத்தியையும் கையையும் சோப்பால் கழுவ வேண்டும். சில கூட்டங்கள் மீளும். மீண்டதிலிருந்து பிரியும் கூட்டமே அடுத்த ஆண்டுக்கு விதை. மீளாததை மருந்து கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தால் பலவீனமான ஆண் தேனீக்களை ஊருக்கெல்லாம் பரப்புகிறோம். இது கடுமையாகத் தோன்றும். ஆனாலும் எங்கள் நிலைப்பாடு இதுதான்.

தேன் விஷயத்தில் பேராசை வேண்டாம். வருடத்துக்கு 6 முதல் 8 கிலோ என்று வேளாண் நூல்களில் இருக்கும். அது நல்ல மேய்ச்சலில், தேனுக்கென்று மேலே தனிப் பெட்டி வைத்து, பக்குவமாகப் பராமரித்த கணக்கு. வீட்டுப் பெட்டியில் கூட்டம் நலமாக இருந்தால் ஒன்றிரண்டு கிலோ எடுக்கலாம், கடலோரத்தில் சில வருடம் ஒன்றும் எடுக்காமலே விட வேண்டிவரும். முழுதாக நிரம்பிய ஓர் அடையில் முக்கால் கிலோ வரை இருக்கும். அறைகளில் நான்கில் மூன்று பங்காவது மெழுகு மூடியிருந்தால்தான் அது விளைந்த தேன். வைகாசியோடு நிறுத்திக்கொள்ளவும், ஆடிக்குப் பிறகு வருவதெல்லாம் தேனீயின் மழைக்காலச் சாப்பாடு. ஐப்பசி பிறக்கும்போது முழு அடை இரண்டாவது உள்ளே இருக்க வேண்டும்.

நம் கடற்கரையின் ஈரக்காற்று தேனுக்கு எதிரி. உணவுப் பாதுகாப்புத் தரப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தியத் தேனீயின் தேன் இயல்பாகவே அந்த எல்லையைத் தாண்டும். நாளெல்லாம் திறந்த பாத்திரத்தில் துணி கட்டி வடியவிட்டால் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு ஒரு மாதத்தில் நுரைத்துப் புளிக்கும். மழையில்லாத நாளில் எடுத்து, அடையை நசுக்கி, மூடிய பாத்திரத்தில் அன்றே வடித்து, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பவும். அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குவது தேனைக் கெடுப்பது. அதைவிட ஈரத் தேனைச் சீக்கிரம் சாப்பிட்டுத் தீர்ப்பது மேல்.

மழைக்காலம் இங்கே வெறும் மழையோடு போவதில்லை. 2011 டிசம்பர் 30ல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30ல் 'ஃபெஞ்சல்' புயல். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின இரவு, எல்லாத் தேனீயும் அடங்கியபின், வாசலில் கம்பிவலை அடித்து, பெட்டியை மாடியிலிருந்து இறக்கித் தாழ்வாரத்தில் காற்றோட்டமாக வைக்கவும். அதிகபட்சம் இரண்டு நாள். பிறகு முன்பிருந்த அதே இடத்தில் வைத்தே திறக்க வேண்டும். நாலு அடி தள்ளி வைத்தாலும் மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே வந்து வட்டமிட்டுச் சாகும். தோட்டத்தில் இருப்பதைத் தரையில் அடித்த முளையோடு கட்டவும். பலாவிலும் முந்திரியிலும் கட்ட வேண்டாம். 'தானே' புயலில் முதலில் சாய்ந்தவை அவைதான்.

கார்த்திகையில் எடை சரிந்து அடை காலியானால் உணவு கொடுத்தே ஆக வேண்டும். பட்டினி போட்டுவிட்டு இயற்கை முறை என்று சொல்லக் கூடாது. வெள்ளைச் சர்க்கரை இரண்டு பங்கு, வெந்நீர் ஒரு பங்கு. ஆறியபின் மாலையில் 200 மி.லி., பெட்டிக்குள்ளேயே, மிதக்கச் சிறு குச்சிகள் போட்டு. வெளியே வைத்தால் ஊர்த் தேனீயெல்லாம் கொள்ளைக்கு வரும். வெல்லம், கருப்பட்டி கூடாது, கழிச்சல் கண்டு சாகும். கடைத் தேனில் நோய்க்கிருமி வரலாம். வருடா வருடம் பாகு ஊற்ற வேண்டியிருந்தால் வைகாசியில் எடுத்த தேன் அதிகம் அல்லது அந்த இடத்துக்குப் பெட்டி அதிகம்.

இவ்வளவும் செய்தாலும் நம் கையில் இல்லாத ஒன்று தெளிப்பு. முந்திரியில் தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சிக்குத் துளிர், பூ, பிஞ்சு என மூன்று கட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள். பூக்கட்டத்தில் அடிப்பதை மாலை 5 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் விவசாயிக்கும் நட்டமில்லை; முந்திரிப் பூவில் தேனீ வேலை செய்வது காலையிலிருந்து உச்சிவரைதான், மகரந்தச் சேர்க்கையால் லாபம் அடைபவரும் அவர்தான். தூள் மருந்தைப் பூக்காலத்தில் தவிர்த்தாலே பாதி சேதம் குறையும், ஏனெனில் தேனீ அதை மகரந்தத்தோடு சேர்த்துக் கூட்டுக்கே சுமந்துவருகிறது. நகரில் கொசுப் புகையும் இதே கதை. முன்கூட்டியே தெரிந்தால் வாசலில் வலையும் மேலே ஈரச் சாக்கும் போட்டு இரண்டு மணி நேரம் மறைக்கலாம். நாள் முழுக்க அடைத்தால் வெப்பத்திலேயே செத்துவிடும், ஆகவே நேரம் தெரிவது அவசியம்.

அதிகாரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் பெரிதல்ல. 2020ல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு வந்த தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்தின் பேச்சு முழுக்க உற்பத்தியைச் சுற்றியே இருக்கிறது. எத்தனை பெட்டி கொடுத்தோம் என்பதோடு, அடுத்த தை மாதத்தில் எத்தனை பெட்டியில் தேனீ இருந்தது என்றும் எண்ணுங்கள். எங்கள் மாவட்டத்துக்குக் கூட்டங்களைத் தருவதென்றால் மார்கழிக் கடைசியில் தாருங்கள். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளூரில் பிழைத்த கூட்டங்களைப் பிடித்துப் பழகக் கற்றுக்கொடுத்தால் வெளியூரிலிருந்து வாங்க வேண்டியதே குறையும்.

தேனீ வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டியதும் உண்டு. தெருவாரியாக யாரிடம் காலிப் பெட்டி இருக்கிறது என்ற ஒரு பட்டியல் போதும், பிரிந்த கூட்டம் யார் வீட்டு அலமாரியில் நுழைந்தாலும் அன்றே எடுத்துவிடலாம். ஈரம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பத்துப் பேருக்கு ஒன்று போதும். கத்தி, புகைப்பான், அடை இவற்றை மட்டும் பகிரக் கூடாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மின்தடை அறிவிப்பைத் தெருப் பெயரோடு தினமும் வெளியிடுகிறீர்கள். அதே பத்தியில், நகராட்சியிலிருந்து கேட்டு வாங்கி, மறுநாள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் கொசுப் புகை அடிக்கப் போகிறார்கள் என்பதையும், தை முதல் பங்குனி வரை முந்திரிக் கிராமங்களின் தெளிப்பு நாளையும் இரண்டு வரி சேர்த்துப் போட முடியுமா?

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
கடலூர் – புதுச்சேரி.